ஒரு விரல் உயரம்

மின்சார அலுவலகத்தின் சார்பில் வீடு வீடாகப் போய் மீட்டர் அளவு எடுப்பது அவள் வேலை. பதினாறு வருடமாக எடுக்கிறாள். அவள் சுற்றில் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். அத்தனை வீட்டு நாய்களுக்கும் அவளைத் தெரியும். மனிதர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அவர்கள் அவளை மீட்டரம்மா என்று கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே கூப்பிடலாம்.

மீட்டரம்மாவுக்கு முப்பத்தொன்பது வயதில் கராத்தே கற்றுக்கொள்ள வேண்டி வந்ததற்குக் காரணம், பச்சை இரும்புக் கேட்டு போட்ட ஒரு வீடு. அந்த வீட்டு மீட்டர் வாசலில் இல்லை. பக்கவாட்டுச் சந்துக்குள் போய், ஒரு தகரக் கதவைத் தாண்டி, பின்பக்க மாடிப்படிக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் குனிந்து எண்களைக் கைமெஷினில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. திரும்பினால், வீட்டுக்காரர் கதவுக்கு உள்பக்கம் நின்றிருந்தார். அறுபதை நெருங்கிய மனிதர். நன்றாகக் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை. அவளுக்குப் பேச்சு வரவில்லை. அவர் இரண்டடி முன்னால் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "என்ன, இப்படி நடுங்குது?" என்று கேட்டார். பிடித்தபடியே நின்றார். பிறகு சிரித்துவிட்டு, "சும்மா விளையாட்டுக்கும்மா" என்று தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார்.

கைமெஷின் நேரத்தைக் குறித்துக்கொள்ளும். பச்சை கேட்டு வீட்டில் பத்து நாற்பத்தொன்று. அடுத்த வீட்டில் பத்து ஐம்பத்திரண்டு. நடுவிலிருந்த பதினொரு நிமிடத்தில் நான்கு நிமிடம் கதவு சாத்தியிருந்தது. மீதி ஏழு நிமிடம் அவள் தெருமுனைக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பிரிவு அதிகாரியைப் பார்த்து, சுற்றை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாள்.

"கதவைச் சாத்தினார்ங்கறீங்க. யார் வீட்டுக் கதவு?" என்றார் அதிகாரி.

"அவர் வீட்டுக் கதவுதான் சார்."

"அவர் வீட்டுக் கதவை அவர் சாத்தக் கூடாதுன்னு நாம எப்படிம்மா சொல்றது?"

"கையைப் பிடிச்சார் சார்."

"எந்தக் கை?"

"வலது கை."

அதிகாரி ஒரு தாளில் 'வலது' என்று எழுதினார். மேற்கொண்டு எழுத எதுவும் தோன்றாததால் அதற்கு அடிக்கோடு போட்டார்.

"போலீசுக்குப் போகணும்னா போங்க. அது உங்க உரிமை. ஆனா வேலை நேரத்துல நடந்ததால ஆபீஸ் அனுமதி வேணும். அனுமதி நான்தான் குடுக்கணும். குடுத்தா, ஏன் குடுத்தேன்னு எனக்கு மேல இருக்கறவர் கேப்பார். நான் உங்களைத் தடுக்கல. நீங்களே கேக்காம இருந்துட்டா எல்லாருக்கும் நல்லதுன்னு மட்டும் சொல்றேன்."

"சுற்றையாவது மாத்திக் குடுங்க சார்."

"சுற்றுங்கறது வரைபடத்துல போட்டது. ஒருத்தருக்காக மாத்தினா ஊரையே திருப்பி வரையணும்."

அவளுக்கு இருந்த ஒரே வழி ஏழாம் எண். வீடு பூட்டியிருந்தால் கைமெஷினில் ஏழை அழுத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஒரே வீட்டுக்குத் தொடர்ந்து இரண்டு மாதம்தான் ஏழு போடலாம். மூன்றாவது மாதமும் போட்டால் விசாரணை வரும். பூட்டாத வீட்டைப் பூட்டியதாகச் சொன்னது தெரிந்துவிடும். ஆகவே அவளுக்கு மூன்று மாதத்துக்குச் சற்றுக் குறைவான அவகாசம் இருந்தது.

கணவனிடம் சொல்லவில்லை. அவன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் இருபது நாள் வெளியூர். சொன்னால் "வேலையை விட்டுடு" என்பான். அவளுக்கு அந்த வேலை பிடிக்கும். நடப்பது பிடிக்கும், எண்கள் பிடிக்கும், யாருடைய மேஜைக்கு முன்னாலும் நிற்காமல் பொழுது போவது பிடிக்கும். அதனால் நாத்தனாரிடம், அதுவும் பாதியை மட்டும், சொன்னாள். தையல் கடை வைத்திருக்கும் நாத்தனார் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே யோசித்தாள்.

"கராத்தே கத்துக்குங்க அண்ணி. கடைத்தெருவுல ஜெராக்ஸ் கடைக்கு மேல பெரிய போர்டு வச்சிருக்கான். 'உங்கள் பயத்தை எங்களிடம் விட்டுச் செல்லுங்கள்'னு."

அந்தக் கட்டடத்தில் முதல் மாடியில் ஒரு கராத்தே பள்ளியும் இரண்டாவது மாடியில் இன்னொரு கராத்தே பள்ளியும் இருந்தன. முதல் மாடியில் ஆதி முறை. இரண்டாவது மாடியில் அசல் முறை. மீட்டரம்மா முதல் மாடிக்குத்தான் முதலில் போனாள். மாஸ்டர் அவளை உட்காரச் சொல்லாமல், சுவரில் மாட்டியிருந்த ஒரு புகைப்படத்தைக் காட்டினார். மறைந்த குரு ஒரு கையால் குத்து விட்டபடி நின்றிருந்தார்.

"இது மட்டும்தான் எங்க குருவோட படம். குத்தாத கை எங்க இருக்கு, பாருங்க. இடுப்பெலும்பு மேல. அதுதான் ஆதி. மேல மாடியில இருக்கறவங்க ஒரு விரல் உயரமா வைப்பாங்க. அதுக்குப் பேர் கராத்தே இல்ல. இடுப்பு வலி."

படத்தில் அந்த இடத்தில் குருவின் சட்டை மடிந்திருந்தது. கை தெரியவில்லை. அவள் அதைச் சொல்லவில்லை.

இரண்டாவது மாடிக்குப் போனாள். அங்கேயும் அதே புகைப்படம், அதே சட்டை மடிப்பு. அசல் மாஸ்டர் அதே இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"இடுப்பெலும்புக்கு ஒரு விரல் மேல. நல்லாப் பாத்தா தெரியும். கீழ மாடிக்காரங்க எலும்பு மேலயே வைப்பாங்க. நாப்பது வருஷம் அப்படிச் செஞ்சாலும் ஒரு ஈ கூடச் சாகாது."

இரண்டு பேரிடமும் அவள் ஒரே கேள்வியைக் கேட்டாள். "யாராவது மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டா என்ன செய்யணும் மாஸ்டர்?"

இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "அது ஆறாம் பாடம்."

இவர்கள் இருவரும் சகலைகள் என்று கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார். பதினொரு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாதாம். அக்காவும் தங்கையும் ஒன்றாகச் சமைத்து ஒரே கேரியரில் சாப்பாடு அனுப்புவார்கள். மேல் இரண்டு தட்டை இரண்டாவது மாடிக்காரர் எடுத்துக்கொண்டு மீதியைப் படியில் வைத்துவிடுவார்.

எதில் சேர்வது என்று முடிவெடுக்கும் உரிமை அவளுக்கு இருந்தது. அந்த உரிமையைப் பாதுகாக்க ஒரு வாரியமும் இருந்தது. தொடக்கநிலையாளர் தேர்வு வாரியம் என்று பெயர். முதல் மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவே படி திரும்புகிற இடத்தில் ஒரு மேஜையும் செயலாளர் ஒருவரும் மட்டுமாக அது இயங்கியது.

"முன்னெல்லாம் புதுசா வர்றவங்களை இந்தப் படியிலேயே ஆளுக்கொரு கையைப் பிடிச்சு இழுப்பாங்க" என்றார் செயலாளர். "ஒரு அம்மாவுக்குத் தோள் இறங்கிப்போச்சு. அதுக்கப்புறம்தான் வாரியம் வந்தது. இப்ப யாரும் உங்களை இழுக்க முடியாது. நாப்பத்தஞ்சு நாள் நடுநிலைக் காலம். ரெண்டு மாடியிலயும் சமமா உக்காந்து பாக்கணும். முடிவு முழுக்க முழுக்க உங்களோடது. நாங்க குடுக்கற படிவத்துல, நாங்க சொல்ற தேதிக்குள்ள, நாங்க ஒத்துக்கற காரணத்தை எழுதிக் குடுத்தா போதும்."

"அந்த நாப்பத்தஞ்சு நாள்ல என்ன சொல்லிக் குடுப்பாங்க?"

"ஒண்ணும் சொல்லிக் குடுக்கக் கூடாது. சொல்லிக் குடுத்தா நீங்க அந்தப் பக்கம் சாஞ்சிடுவீங்க. இன்னொண்ணு, கட்டடத்துக்குள்ள இருக்கறப்ப விரலை மடக்கக் கூடாது. மடக்கின கை எங்கயாவது ஒரு உயரத்துல இருந்துதான் ஆகணும். அது தேர்வுக்கு முந்தின தேர்வாயிடும். படிக்கட்டுக் கம்பியைப் பிடிக்க மட்டும் விலக்கு உண்டு. அதுக்கும் இடது கைதான்."

மீட்டரம்மா கையெழுத்துப் போட்டாள். பேனாவைப் பிடிக்க விரலை மடக்கியதைச் செயலாளர் கண்டுகொள்ளவில்லை.

வேலை முடிந்து தினமும் மாலை வந்து உட்கார்ந்தாள். ஆதியில் இருபத்தைந்து நிமிடம், அசலில் இருபத்தைந்து நிமிடம். உள்ளே போகும் நேரமும் வெளியே வரும் நேரமும் பதிவேட்டில் ஏறும். ஒருநாள் ஆதியில் இரண்டு நிமிடம் கூடுதலாக இருந்துவிட்டாள் என்று அசலில் இரண்டு நிமிடம் மூடிய கதவைப் பார்த்தபடி உட்காரவைத்தார்கள். அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவளுக்கு உள்ளங்கை வியர்த்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. முதல் மாதம் பச்சை கேட்டு வீட்டுக்கு ஏழு போட்டாள்.

கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, விரல்களை விரித்து வைத்துக்கொண்டு, பிறர் குத்துவதையும் உதைப்பதையும் பார்த்தாள். இரண்டு மாடியிலும் ஒரே குத்து, ஒரே உதை. எண்ணுவதுகூட ஒரே மாதிரிதான். முதல் மாடிப் பிள்ளைகள் கத்தும்போது இரண்டாவது மாடித் தரை அதிரும். ஒரு விரல் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க அவள் உண்மையாகவே முயன்றாள். மீட்டரில் ஒரு புள்ளி நகர்ந்தால் கண்டுபிடிக்கிற கண் அது. அதற்கும் தெரியவில்லை. குள்ளமான ஆள் அசலாகவும் உயரமான ஆள் ஆதியாகவும் இருந்தால் இரண்டு கையும் ஒரே உயரத்தில்தான் வந்து நின்றன.

முப்பத்தெட்டாம் நாள் அசல் மாடியில் ஆறாம் பாடம் நடந்தது. ஒரு மாணவர் இன்னொருவரின் மணிக்கட்டைப் பிடித்தார். பார்த்துக்கொண்டிருந்த மீட்டரம்மாவுக்குக் காது அடைத்தது. பிடிபட்டவர் எப்படி விடுவித்துக்கொண்டார் என்பதை அவள் பார்க்கவில்லை. பார்வை தெளிந்தபோது மொத்தக் கூடமும் அவள் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. விரல்கள் மடங்கி, முஷ்டி இடுப்போரம் நின்றது.

"அசையாதீங்க" என்றார் அசல் மாஸ்டர். "செயலாளரைக் கூப்பிடுங்க."

செயலாளர் பிளாஸ்டிக் அளவுகோலோடு வந்தார். ஆதி மாஸ்டர் சாட்சியாக வாசல்படி வரை வந்தார். உள்ளே கால் வைக்கவில்லை. செயலாளர் இடுப்பெலும்பிலிருந்து அளந்தார், திரும்ப அளந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அரை விரல்" என்றார்.

எலும்பின் மேல் இருந்தால் அவள் ஆதி. ஒரு விரல் மேலே இருந்தால் அசல். அரை விரலுக்குப் பெயர் கிடையாது.

மறுநாள் விசாரணை. மூன்றாவது முறை ஒன்றைத் தோற்றுவிக்க முயன்றதாகக் குற்றச்சாட்டு. ஆதி மாஸ்டர் தழுதழுத்த குரலில் பேசினார்.

"எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இந்த வித்தியாசத்தைக் காப்பாத்தப் பதினொரு வருஷமா எவ்வளவு பாடுபட்டிருக்கோம். குடும்பத்துல நல்லது கெட்டதுக்குக்கூட தள்ளித்தான் நிக்கறோம். நடுவுல ஒருத்தர் வந்து நின்னா என்ன ஆகும்? ரெண்டும் ஒண்ணுதானேன்னு ஜனங்க கேப்பாங்க. அப்புறம் எதுக்கு ரெண்டு மாடி, ரெண்டு மாஸ்டர்?"

அசல் மாஸ்டர் செயலாளரைப் பார்த்து, "அவர் சொல்றதை நான் ஒத்துக்கறேன்னு அவர்கிட்ட சொல்லாதீங்க. ஆனா எழுதிக்குங்க" என்றார்.

"நான் எதையும் தோற்றுவிக்கல" என்றாள் மீட்டரம்மா. "பயமா இருந்தது. கை தானா மடங்கிடுச்சு."

"பயம் எங்க பாடத்திட்டத்துல இல்லம்மா" என்றார் செயலாளர். "அது போர்டுல மட்டும்தான்."

நடுநிலைக் காலம் இன்னும் முப்பது நாள் நீட்டிக்கப்பட்டது. 'நான் எந்த முறையையும் தோற்றுவிக்கவில்லை, இனித் தோற்றுவிக்கவும் மாட்டேன்' என்று அவள் மூன்று பிரதி எழுதிக் கொடுத்தாள்.

அன்று தையல் கடைக்குப் போனபோது நாத்தனார் இதையெல்லாம் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அவனுங்க கிடக்கறானுங்க அண்ணி. வாங்க, நாமளே பழகலாம். நான்தான் அந்த ஆள்னு வச்சுக்குங்க. கையை எடுங்க பாப்போம்" என்று எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

மீட்டரம்மா கையை இழுக்கவில்லை. மெதுவாகத் தையல் மெஷின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார் கையை விட்டுவிட்டுத் தானும் எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க என்கிட்ட முழுசா சொல்லல, இல்ல?"

மீட்டரம்மா சொன்னாள். தாழ்ப்பாள் சத்தத்தைச் சொன்னாள். கை நடுங்கியதை அவர் கவனித்ததைச் சொன்னாள். "சிரிச்சார். அதான் என்னால தாங்க முடியல. நான் நடுங்கறதைப் பாத்து அந்த ஆளுக்கு சந்தோஷமா இருந்தது. அதுக்கப்புறம் எந்த வீட்டுல கதவு சாத்தற சத்தம் கேட்டாலும் நம்பரைத் தப்பா அடிக்கறேன். பதினாறு வருஷத்துல நான் ஒரு நம்பர் தப்பா அடிச்சதில்ல."

நாத்தனார் ஒரு துணியின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அது நன்றாகத் தைத்த தையல்தான்.

"வேலையை விடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன் அண்ணி" என்றாள் கடைசியில்.

இரண்டாவது மாதம் அந்தத் தெருவுக்குப் போனபோது பச்சை கேட்டுக்காரர் பால்கனியில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். அவள் கேட்டுக்கு வெளியே நின்று ஏழை அழுத்துவதை மேலேயிருந்து பார்த்தார். "கேட்டு திறந்துதாம்மா இருக்கு" என்றார். குரலில் கோபம் இல்லை. அடுத்த வீட்டு அம்மாள் கேட்டிருந்தால் நல்ல மனிதர் என்று நினைத்திருப்பாள்.

நீட்டித்த காலமும் முடிந்தது. படிவம் வந்தது. 'தேர்ந்தெடுத்த முறை' என்ற இடத்தில் மீட்டரம்மா ஆதி என்று எழுதினாள். 'காரணம்' என்ற இடத்தில் 'மாடிப்படி குறைவு' என்று எழுதினாள். செயலாளர் அதை அடித்துவிட்டு, 'ஆதி முறையின் தத்துவச் செறிவு என்னை ஆட்கொண்டது' என்று தானே எழுதிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் விழா" என்றார். "எங்க புரவலர் தன் கையால வெள்ளைப் பட்டை கட்டுவார். பெரிய மனுஷர். ரெண்டு மாடிக்கும் தரை மெத்தை போட்டுக் குடுத்தது அவர்தான். ரெண்டு முறையும் சேர்ந்து கௌரவக் கருப்புப் பட்டை குடுத்திருக்கறது அவர் ஒருத்தருக்குத்தான்."

"பட்டை கட்டினதும் ஆறாம் பாடம் சொல்லிக் குடுப்பாங்களா?"

"முதல்ல முதல் பாடம். அது வணங்கறது. ரெண்டு மாசம் ஆகும்."

மூன்றாவது மாத அளவுக்கு விழாவிலிருந்து ஆறு நாள் இருந்தது.

விழா எந்த மாடியிலும் நடக்க முடியாது என்பதால் படி திரும்பும் இடத்திலேயே நடந்தது. கீழ்ப்படிகளில் ஆதி மாணவர்களும் பெற்றோரும், மேல்படிகளில் அசல் மாணவர்களும் பெற்றோரும் உட்கார்ந்தார்கள். இரு தரப்பையும் சேராத நாத்தனார் கம்பியில் சாய்ந்து நின்றாள். மேஜையை நகர்த்திவிட்டு மைக் வைத்திருந்தார்கள். வெள்ளை உடையில் மீட்டரம்மா நடுவில் நின்றாள். உடை அவளுக்குப் பெரிதாக இருந்தது.

எல்லாரும் எழுந்தார்கள். புரவலர் வந்தார். கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டைக்கு மேல் கருப்புப் பட்டை கட்டியிருந்தார்.

மீட்டரம்மாவுக்கு முதலில் அந்தச் சட்டைதான் அடையாளம் தெரிந்தது. பிறகு கை. முகத்தைப் பார்க்க அவளுக்கு நேரம் பிடித்தது. படிக்கட்டில் மேலும் ஆட்கள், கீழும் ஆட்கள். போக வழி இல்லை.

புரவலர் மைக் முன்னால் பேசினார். "நான் கராத்தே கத்துக்கிட்டதில்ல. அதுக்கு நேரம் கிடைக்கல. ஆனா கராத்தே என்கிட்ட நிறையக் கத்துக்கிட்டிருக்கு. பெண்கள் தைரியமா இருக்கணும். அதே சமயம் தைரியத்தை எங்க காட்டணும், எங்க காட்டக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கணும். சின்ன விஷயத்துக்கெல்லாம் சத்தம் போடறது தைரியம் இல்ல. கராத்தேங்கறது திருப்பி அடிக்கறதுக்கு இல்ல. பொறுத்துக்கறதுக்கு. பொறுத்துக்கற பொண்ணை யாரும் ஜெயிக்க முடியாது."

இரண்டு பக்கப் படிகளிலிருந்தும் சம அளவில் கைதட்டல் வந்தது. செயலாளர் மடித்த வெள்ளைப் பட்டையைத் தட்டில் நீட்டினார். புரவலர் அதை எடுத்து, அவள் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவரக் குனிந்தார். காதருகே குரல் வந்தது. "நம்ம மீட்டரம்மாதானே? ரெண்டு மாசமா உள்ள வரவே காணோம்."

அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகு சுவரில் இடித்தது. பட்டை கீழே விழுந்தது.

"வேணாம்" என்றாள்.

மைக் பக்கத்திலேயே இருந்ததால் அது எல்லாருக்கும் கேட்டது. செயலாளர் பட்டையைப் பொறுக்கக் குனிந்தார்.

"இவர் வீட்டுக்கு மீட்டர் பாக்கப் போனேன்" என்றாள். "உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். நாலு நிமிஷம் விடல. திரும்ப அந்த வீட்டுக்குப் போகணுமேங்கற பயத்துலதான் இங்க வந்து சேர்ந்தேன்."

மேல்படியிலிருந்து அசல் மாஸ்டர் குனிந்து, கீழ்ப்படியிலிருந்த ஆதி மாஸ்டரைப் பார்த்தார்.

"சகலை, மைக்கை நிறுத்துங்க."

"இதோ சகலை" என்று ஆதி மாஸ்டர் மைக் வயரைப் பிடுங்கினார். பதினொரு வருடத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"மைக் இல்லாட்டி என்ன" என்றாள் நாத்தனார். தையல் மெஷின் ஓடும் கடையில் பதினைந்து வருடம் பேசிப் பழகிய குரல். அண்ணி சொன்னதை முதலிலிருந்து கடைசி வரை, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், இரண்டு மாடிக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் கேட்கும்படி திரும்பச் சொன்னாள்.

புரவலர் பெருமூச்சு விட்டார். "பாவம், தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்கல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வழியில் இருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் போன பிறகு கீழ்ப்படியிலிருந்து ஒரு அம்மாள் எழுந்து, பேசாமல் தன் மகளின் செருப்பைத் தேடி எடுத்தாள். மேல்படியிலிருந்து இன்னொரு அம்மாள் எழுந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் வாசலைத் தாண்டினார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். தேர்வு நிறைவடையவில்லை என்று செயலாளர் பதிவேட்டில் குறித்தார்.

மூன்றாம் நாள் மின்சார அலுவலகத்துக்குக் கடிதம் போனது. ஆதி, அசல் இரண்டு முத்திரையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் விழுந்த முதல் கடிதம் அது. மதிப்புக்குரிய ஒரு நுகர்வோரைப் பொது இடத்தில் அவமதித்த ஊழியர் மீது நடவடிக்கை தேவை என்றிருந்தது. பிரிவு அதிகாரி மீட்டரம்மாவை அழைத்தார்.

"உங்க சுற்றை மாத்தியாச்சு. நாளையிலிருந்து ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். தண்டனையா மாத்தியிருக்கோம்னு பதிவேட்டுல ஏறும்."

"இதைத்தானே சார் நான் மூணு மாசத்துக்கு முன்னாடி கேட்டேன்."

"அப்ப நீங்க கேட்டீங்க. இப்ப அவர் கேட்டிருக்கார்."

"ஊரையே திருப்பி வரையணும்னு சொன்னீங்க."

"வரைஞ்சாச்சு" என்றார் அதிகாரி. "நேத்து மத்தியானமே."

மீட்டரம்மா வெளியே வந்து ஒரு டீ வாங்கிக் குடித்தாள். மூன்று மாதத்தில் முதல்முறையாக டீயின் சூடு நாக்கில் தெரிந்தது. கண்ணாடி டம்ளர் பாதி காலியாகும்வரை நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு உள்ளே திரும்பிப் போனாள்.

"என் பழைய சுற்று யாருக்கு சார்?"

"பிரசவ லீவு முடிஞ்சு ஒரு அம்மா வர்றாங்க. அவங்களுக்கு."

"பச்சை கேட்டு வீட்டைப் பத்தி அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"என்ன சொல்றது? எழுத்துல ஒண்ணும் இல்லியேம்மா" என்றார் அதிகாரி. எழுத்தில் 'வலது' என்று ஒரு சொல் இருந்தது. அந்தத் தாளை அவர் எங்கே வைத்தார் என்று அவருக்கே நினைவில்லை.

அளவெடுக்கும் நாளன்று மீட்டரம்மா அரை நாள் விடுப்புப் போட்டாள். காலை பத்து மணிக்கே பழைய தெருவின் முனையில் போய் நின்றாள். புதியவள் வந்தாள். முப்பது வயதிருக்கும். தோளில் கைமெஷின் பை, இன்னொரு தோளில் குடை. வெயிலில் களைத்திருந்தாள். மீட்டரம்மா யாரென்று சொல்லிக்கொண்டு, நடந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பாதியை மட்டும் சொல்லவில்லை.

புதியவள் நடையை நிறுத்திவிட்டாள். "என்னக்கா இப்படிச் சொல்றீங்க. எனக்குக் கைக்குழந்தை இருக்கு."

"தெரியும். அதான் வந்திருக்கேன்."

"கராத்தே கத்துக்கிட்டீங்களாமே. ஆபீஸ்ல சொன்னாங்க."

"மூணு மாசம் உக்காந்து பாத்தேன். ஒண்ணும் தெரியாது" என்றாள் மீட்டரம்மா. "வா, போயிட்டு வந்துடலாம்."

கேட்டு திறந்துதான் இருந்தது. மணியடித்ததும் அவர் வந்தார். புதியவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்ததும் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு பழையபடி ஆனது. இருவரும் சந்துக்குள் போனார்கள். தகரக் கதவு வந்ததும் மீட்டரம்மா அதை முழுசாகத் திறந்து, சுவரோடு சேர்த்து, அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். புதியவள் மாடிப்படிக்கு அடியில் குனிந்தாள்.

அவர் சந்தின் முனை வரை வந்தார். "ஒரு மீட்டருக்கு எதுக்கும்மா ரெண்டு பேர்?"

மீட்டரம்மாவின் மணிக்கட்டு தானாக முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. ஆனாலும் இந்த முறை பேச்சு வந்தது.

"அவங்க நம்பர் பாக்க. நான் கதவைப் பிடிச்சுக்க."

அவர் நின்றார். போகவும் இல்லை, வரவும் இல்லை. புதியவள் எண்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தாள். மூன்றாவது எண்ணில் தடுமாறி அதைத் திரும்பப் படித்தாள். மெஷின் கீச்சென்றது. இருவரும் அவரைக் கடந்துதான் வெளியே வர வேண்டியிருந்தது. சந்து குறுகல். அவர் ஒதுங்கவில்லை. மீட்டரம்மா முன்னால் நடந்தாள். அவர் சட்டையின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியது. ஒரு சாண் இடைவெளியில் அவரைத் தாண்டி, புதியவளைக் கையால் இழுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்தாள்.

தெருமுனைக் குழாயடியில் வந்து நின்று மீட்டரம்மா கையைக் கழுவினாள். புதியவள் குடையை விரித்து இருவருக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

"அடுத்த மாசம் என்னக்கா பண்றது?"

"வர்றேன். பதினோரு அரை நாள் லீவு மிச்சம் இருக்கு."

புதியவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "அந்தப் பதினொண்ணு தீர்ந்ததும் அடுத்த மாசம் வந்துடுமேக்கா."

"அதுக்கு என் நாத்தனார் வருவா" என்றாள் மீட்டரம்மா. "அவளுக்கும் கராத்தே தெரியாது."